பேட்டரி ரம்பத்துக்கு எந்த பேட்டரி? ஏஎச் எண்ணை மட்டும் பார்த்து வாங்காமல் இருக்க ஒரு முழு வழிகாட்டி

டிரில் மிஷினோடு வந்த சின்ன பேட்டரியை எடுத்து வட்ட ரம்பத்தில் மாட்டினால் அது பொருந்தும், பிளேடும் சுற்றும், வெறும் காற்றில் சத்தமெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் இறக்கியதும் சத்தம் கம்முகிறது, வேகம் விழுகிறது, கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் மிஷின் தானாகவே நின்றுவிடுகிறது. இதற்குப் பிறகு பலர் செய்வது இரண்டில் ஒன்று. ரம்பம் சரியில்லை என்று திட்டுவார்கள், இல்லையென்றால் கிடைப்பதிலேயே பெரிய எண் போட்ட பேட்டரியை வாங்கிவந்துவிடுவார்கள். இரண்டுமே தேவையில்லாமல் போகலாம்.

டிரில்லுக்கோ டார்ச்சுக்கோ பேட்டரி வாங்கும்போது 'எவ்வளவு நேரம் தாங்கும்' என்று கேட்டால் போதும். ரம்பத்துக்கு அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஒரே நேரத்தில் எவ்வளவு கரண்ட் இழுத்தால் இந்த பேட்டரி வோல்டேஜ் விழாமல் தாக்குப்பிடிக்கும்? லேபிளில் கொட்டை எழுத்தில் இருக்கும் ஏஎச், அதாவது ஆம்பியர் அவர், 'எவ்வளவு நேரம்' என்ற கேள்விக்குத்தான் பதில். கரண்ட் கேள்விக்கு நேரடியான பதில் லேபிளில் இருக்காது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்த வழிகாட்டியின் பாதி.

படி 1: ரம்பத்தையும் வெட்டப்போகும் பொருளையும் எழுதிக்கொள்ளுங்கள்

முதலில் பிளேடு அளவு. பேட்டரி ரம்பங்களில் சாதாரணமாகப் புழங்குவது 165 மில்லிமீட்டரும் 185 அல்லது 190 மில்லிமீட்டரும். இதைவிடச் சின்னதாக 136, 140 மில்லிமீட்டர் அளவிலும் இருக்கின்றன, அவை மெல்லிய பலகைக்கும் லேமினேட் தரைக்கும். பிளேடு பெரிதாக ஆக, அதே வேகத்தில் வெட்ட மோட்டார் இழுக்கும் கரண்டும் கூடும்.

அடுத்து, மோட்டார் பிரஷ்லெஸ்ஸா, இல்லை சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் உள்ளதா என்று பாருங்கள். பிரஷ்லெஸ் மோட்டாரில் அதே வெட்டுக்குக் கரண்ட் குறைவாகச் செலவாகும், அதோடு உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் பேட்டரியின் நிலையைப் பார்த்து வேலை செய்யும். பழைய பிரஷ் ரம்பத்தில் விலை உயர்ந்த பெரிய பேட்டரியை மாட்டினால் நேரம் கூடும், ஆனால் அந்த பேட்டரியின் முழு பலம் வெளியே வராது.

பிறகு வெட்டு. இதில் எல்லாரும் 'மரம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை வெட்டுவதும், இரண்டு அங்குலக் கனமுள்ள காய்ந்த கடினமரத்தை நீளவாக்கில் கிழிப்பதும் ஒரே வேலை இல்லை. குறுக்கே அறுப்பது சில விநாடிகளில் முடிந்துவிடும், பேட்டரிக்கு இடையில் ஓய்வும் கிடைக்கும். நீளவாக்கில் கிழிக்கும்போது ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று விடாமல் லோடு இருக்கும். பேட்டரி சூடாவது இதில்தான். உங்கள் வேலையில் நீள வெட்டு எவ்வளவு, குறுக்கு வெட்டு எவ்வளவு என்று ஒரு தோராயமான கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் எல்லா முடிவுக்கும் அது வேண்டும்.

படி 2: பேட்டரி வாங்குவதற்கு முன் பிளேடை மாற்றிப் பாருங்கள்

பேட்டரி பற்றிய கட்டுரையில் பிளேடு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் 'பேட்டரி வீக்' என்ற புகார்களில் கணிசமானவை மழுங்கிய பிளேடில்தான் போய் நிற்கும். மழுங்கிய பல் மரத்தை அறுக்காது, தேய்க்கும். அந்தத் தேய்ப்பு முழுவதும் சூடாக மாறும், அந்தச் சூட்டுக்கான கரண்ட் உங்கள் பேட்டரியிலிருந்துதான் போகிறது. வெட்டின ஓரம் கருகி இருந்தாலோ, தள்ளுவதற்கு முன்பைவிட அதிகமாக அழுத்த வேண்டியிருந்தாலோ, முதல் சந்தேகம் பிளேடு மேல்தான் வர வேண்டும்.

பிளேடின் கனமும் முக்கியம். கார்ட்லெஸ் ரம்பத்துக்கென்றே வரும் பிளேடுகள் மெல்லியவை, வெட்டின் அகலம் 1.6 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். பிளக்கில் மாட்டி ஓட்டும் வயர் ரம்பத்துக்கான பிளேடில் அது 2.4 மில்லிமீட்டர் வரை போகும். மரத்தில் எடுக்கும் பள்ளம் ஒன்றரை மடங்கு அகலமானால், தூளாக்க வேண்டிய மரமும் ஒன்றரை மடங்கு. அப்புறம் பல் எண்ணிக்கை: நீளவாக்கில் கிழிக்க 24 பல் பிளேடு, பிளைவுட்டில் ஓரம் பிசிறில்லாமல் வர 40 பல். 40 பல் பிளேடைப் போட்டுக்கொண்டு கனமான மரத்தை நீளவாக்கில் கிழிக்கப் பார்த்தால் எந்த பேட்டரியும் திணறும்.

பிளேடு மாற்றும்போது பேட்டரியைக் கழட்டிவிட்டு மாற்றுங்கள். வயர் ரம்பத்தில் பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் இருக்கிறவர்கள்கூட இதில் அசால்ட்டாக இருக்கிறார்கள்.

படி 3: வோல்ட்டில் குழம்பாதீர்கள்

பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் அயான் செல் ஒன்றின் சராசரி வோல்டேஜ் 3.6, முழுதாகச் சார்ஜ் ஆனதும் 4.2. ஐந்து செல்லை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட், முழு சார்ஜில் 21. ஒரு கம்பெனி இதை '18 வோல்ட்' என்று விற்கும், இன்னொன்று '20 வோல்ட் மேக்ஸ்' என்று விற்கும், டிவால்ட் அமெரிக்காவில் 20 மேக்ஸ் என்று விற்பது மற்ற பல நாடுகளில் 18 என்ற பெயரிலேயே போகிறது. உள்ளே இருப்பது அதே ஐந்து செல். அதனால் 20 பெரிது, 18 சின்னது என்று நினைத்து ஒரு பிராண்டை விட்டு இன்னொன்றுக்குத் தாவ வேண்டாம். இதே கணக்கில் '40 வோல்ட் மேக்ஸ்' என்பது 36, '60 வோல்ட் மேக்ஸ்' என்பது 54.

36 வோல்ட் உண்மையிலேயே வேறு விஷயம். 900 வாட் வேலைக்கு 18 வோல்ட் பேட்டரி 50 ஆம்பியர் கொடுக்க வேண்டும், 36 வோல்ட் என்றால் 25 ஆம்பியர் போதும். கரண்ட் பாதியானால் வயரிலும் டெர்மினலிலும் ஸ்விட்ச்சிலும் வீணாகும் சூடு கால் பங்காகக் குறையும். 190 மில்லிமீட்டர் பிளேடில் கனமரத்தை நாள் முழுக்க அறுப்பவர் புதிதாக ரம்பம் வாங்குகிறார் என்றால் 36 வோல்ட்டைத் தாராளமாகப் பார்க்கலாம். ஏற்கெனவே 18 வோல்ட்டில் நாலு கருவி வைத்திருப்பவர் ரம்பம் ஒன்றுக்காக மொத்தமாக மாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல 18 வோல்ட் பேட்டரி போட்டால் பிளைவுட் வேலையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

நடுவில் சில வழிகள் இருக்கின்றன. மகிதாவில் இரண்டு 18 வோல்ட் பேட்டரியை ஒன்றாக மாட்டி 36 வோல்ட்டாக ஓடும் ரம்பங்கள் உண்டு. ஆனால் அதே மகிதாவின் 40 வோல்ட் மேக்ஸ் வரிசை பேட்டரி பழைய 18 வோல்ட் கருவியில் ஏறாது. டிவால்ட் 2016-ல் கொண்டுவந்த ஃப்ளெக்ஸ்வோல்ட் பேட்டரியில் பதினைந்து செல் இருக்கும், மாட்டுகிற கருவியைப் பொறுத்து அது 18 ஆகவோ 54 ஆகவோ தன்னை மாற்றிக்கொள்ளும். ஹைகோகியின் மல்டிவோல்ட் 18-க்கும் 36-க்கும் இடையில் இதே மாதிரி மாறும். இவற்றில் ஏஎச் எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும்: 18 வோல்ட்டில் 6 ஏஎச் என்று போட்ட ஃப்ளெக்ஸ்வோல்ட், 54 வோல்ட்டில் 2 ஏஎச்தான். ஏமாற்று வேலை இல்லை, மொத்த சக்தி இரண்டிலும் ஒன்றே.

அந்த மொத்த சக்திக்குப் பெயர் வாட் அவர். வோல்ட்டை ஏஎச்சால் பெருக்கினால் வரும். 18 வோல்ட் 5 ஏஎச் என்றால் 90 வாட் அவர், 36 வோல்ட் 2.5 ஏஎச் என்றாலும் 90 வாட் அவர். வேறு வேறு வோல்டேஜ் பேட்டரிகளை ஒப்பிடும்போது ஏஎச்சை மறந்துவிட்டு இதை மட்டும் பாருங்கள். மேக்ஸ் வோல்டேஜ் போட்ட லேபிளாக இருந்தால் அதை 18, 36, 54 என்று மாற்றிக்கொண்டு பெருக்குங்கள்.

படி 4: உள்ளே எத்தனை வரிசை செல் இருக்கிறது?

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

18 வோல்ட் பேட்டரி எதுவாக இருந்தாலும் அதில் ஐந்து செல் கொண்ட ஒரு வரிசை கட்டாயம் இருக்கும். சின்ன பேட்டரியில் அந்த ஒரு வரிசை மட்டும்தான். நடுத்தர பேட்டரியில் இரண்டு வரிசை, பத்து செல். பெரியதில் மூன்று வரிசை, பதினைந்து செல். வரிசைகள் பக்கவாட்டில் இணைந்திருப்பதால் ரம்பம் கேட்கும் கரண்ட்டை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ரம்பம் 50 ஆம்பியர் இழுத்தால் ஒரு வரிசை பேட்டரியில் ஒவ்வொரு செல்லும் முழு 50 ஆம்பியரையும் சுமக்க வேண்டும், இரண்டு வரிசையில் 25, மூன்று வரிசையில் 17 சொச்சம். பவர் டூலில் போடும், 18650 என்ற அளவுள்ள நல்ல செல்லே தொடர்ந்து கொடுக்கக்கூடியது 20 முதல் 30 ஆம்பியர் என்ற அளவில்தான். ஒரு வரிசை பேட்டரி ஏன் ரம்பத்தில் திணறுகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இன்னும் கொஞ்சம் கணக்குப் போட்டால் வித்தியாசம் உறைக்கும். ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளே கரண்ட் ஓட்டத்தைத் தடுக்கும் ஒரு தடை இருக்கிறது, அதை ஓமில் அளப்பார்கள். கணக்குக்கு அதை 20 மில்லிஓம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து செல் வரிசையாக இருந்தால் 100 மில்லிஓம். அதில் 50 ஆம்பியர் ஓடினால் 5 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும், அதாவது 18 வோல்ட் பேட்டரி மோட்டாருக்குக் கொடுப்பது 13 வோல்ட்தான், மீதி 250 வாட் பேட்டரிக்குள் சூடாகப் போகிறது. இரண்டு வரிசையில் விழுவது இரண்டரை வோல்ட், சூடு 125 வாட். மூன்று வரிசையில் ஒன்றரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல், சூடு 80 வாட் சொச்சம், அதுவும் மூன்று மடங்கு செல்களில் பரவிப்போகிறது. ஆக, பெரிய பேட்டரியை மாட்டினால் நேரம் மட்டும் கூடவில்லை, அதே ரம்பம் வேகமாகவும் வெட்டுகிறது. குடம் எவ்வளவு பெரியது என்பதோடு அதன் வாய் எவ்வளவு அகலம் என்பதையும் பார்த்து வாங்குவது போலத்தான் இது.

இனி வரிசையை வெளியிலிருந்தே கண்டுபிடிப்பது எப்படி என்று பார்ப்போம். செல்லில் இரண்டு அளவு அதிகம் புழங்குகிறது. 18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். 21700 என்பது 21-க்கு 70. பவர் டூலுக்கான 18650 செல் ஒன்று 1.5 முதல் 3 ஏஎச் வரை, 21700 செல் பெரும்பாலும் 4 ஏஎச். இதை வைத்துப் பார்த்தால் 1.5, 2, 2.5 ஏஎச் பேட்டரிகள் ஒரு வரிசை. 5, 6 ஏஎச் இரண்டு வரிசை 18650. 8 ஏஎச் இரண்டு வரிசை 21700. 12 ஏஎச் மூன்று வரிசை 21700. 9 ஏஎச் என்றால் அநேகமாக மூன்று வரிசை 18650.

குழப்பம் வருவது 3-லும் 4-லும். 3 ஏஎச் என்பது 1.5 செல் இரண்டு வரிசையாகவும் இருக்கலாம், 3 ஏஎச் செல் ஒரே வரிசையாகவும் இருக்கலாம். 4 ஏஎச்சும் அப்படித்தான்: 2 ஏஎச் 18650 இரண்டு வரிசை, அல்லது 21700 ஒரே வரிசை. இங்கே எடையைப் பாருங்கள். ஒரு 18650 செல் 45 முதல் 48 கிராம், 21700 சுமார் 70 கிராம். பத்து 18650 என்றால் செல் மட்டுமே அரைக்கிலோவுக்குக் கிட்ட வந்துவிடும், பிளாஸ்டிக் கூடும் சர்க்யூட்டும் சேர்த்தால் 600 கிராமைத் தாண்டும். ஒரே வரிசை 18650 பேட்டரி 400 கிராமுக்குள் அடங்கும், ஒரே வரிசை 21700 அரைக்கிலோவை ஒட்டி இருக்கும். கம்பெனி கொடுக்கும் விவரப் பட்டியலில் எடை இருக்கும், இல்லையென்றால் சமையலறைத் தராசு போதும்.

ஒரே வரிசை 21700 பேட்டரியை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். அதில் உள் தடை குறைவு, பல செல்கள் 30 ஆம்பியருக்கு மேல் தாங்கும். 165 மில்லிமீட்டர் ரம்பத்தில் பிளைவுட் வெட்ட பாஷின் புரோகோர் 4 ஏஎச் மாதிரி பேட்டரி நன்றாகவே போதும், கைக்கும் இலகு. இதற்கு அடுத்த தலைமுறையும் வந்துவிட்டது: டிவால்ட் 2021-ல் பவர்ஸ்டாக் என்று உருளைக்குப் பதில் தட்டையான செல் வைத்த பேட்டரியை இறக்கியது, மற்ற சில கம்பெனிகள் செல்லுக்குள் கரண்ட் போகும் பாதையை அகலப்படுத்திய டேப்லெஸ் செல்லுக்குப் போகின்றன. இவற்றில் ஏஎச் எண் சின்னதாகத் தெரிந்தாலும் கரண்ட் தாராளமாக வரும், அதனால் பழைய பேட்டரியோடு எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது.

படி 5: எவ்வளவு ஏஎச், எத்தனை பேட்டரி?

கரண்ட் பிரச்சினை தீர்ந்த பிறகுதான் நேரக் கணக்கு. உதாரணமாக, 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் எட்டடி நீளம் வெட்ட ஒரு நிமிஷம் ஆகிறது, ரம்பம் சராசரியாக 400 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு வெட்டுக்கு 7 வாட் அவருக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவாகும். 90 வாட் அவர் பேட்டரியில் சூடாகப் போவதைக் கழித்து 80 கைக்கு வந்தால் பன்னிரண்டு வெட்டு. உங்கள் ரம்பம், உங்கள் பிளேடு, உங்கள் மரம் மூன்றும் சேர்ந்து இந்த எண்ணை ஏற்றும் இறக்கும். அதனால் கையில் இருக்கும் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் பண்ணி, எத்தனை வெட்டு வருகிறது என்று ஒருமுறை எண்ணிவிடுங்கள். கம்பெனி விளம்பரத்தில் வரும் 'ஒரு சார்ஜில் இத்தனை நூறு வெட்டு' என்பது அநேகமாக மென்மரச் சட்டத்தைப் புது பிளேடில் குறுக்கே அறுத்த கணக்கு, நம் வேலைக்கு அப்படியே பொருந்தாது.

எண்ணி முடித்ததும் ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரியும். அதை ஒரே பெரிய பேட்டரியாக வாங்காமல் இரண்டு நடுத்தர பேட்டரியாக வாங்குங்கள் என்பது என் கட்சி. ஒன்று ஓடும்போது மற்றது சார்ஜரில் இருக்கும், சூடானதை ஆறவைக்கலாம், ஒன்று கெட்டாலும் வேலை நிற்காது. 12 ஏஎச் ஒன்று தீர்ந்துபோனால் சார்ஜ் ஏறும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நீள வெட்டே முழு வேலையாக இருக்கிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது, அவர்களுக்கு மூன்று வரிசை பேட்டரி தேவைதான்.

தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். எப்போதாவது வீட்டில் ஒரு ஷெல்ஃப், ஒரு மேஜை என்று செய்பவருக்கு 165 மில்லிமீட்டர் ரம்பமும் இரண்டு வரிசை 4 அல்லது 5 ஏஎச் ஒன்றும் போதும், டிரில்லோடு வந்த சின்ன பேட்டரி அவசரத்துக்கு. தினமும் பிளைவுட் வெட்டும் தச்சருக்கு 5 அல்லது 6 ஏஎச் இரண்டு, வேலை அதிகமென்றால் மூன்று. 190 மில்லிமீட்டர் பிளேடில் கனமரம் கிழிப்பவருக்கு 18 வோல்ட்டில் 8 ஏஎச்சுக்குக் கீழே யோசிக்க வேண்டாம்.

இரண்டு பேட்டரி சேர்த்து மாட்டும் ரம்பமாக இருந்தால், ஒரே ஏஎச், ஒரே வயதுள்ள ஜோடியாக வாங்கி, ஜோடியாகவே சார்ஜ் பண்ணிப் பயன்படுத்துங்கள். பழசும் புதுசும் கலந்தால் பலவீனமானது முதலில் தீரும், அதோடு ரம்பமும் நின்றுவிடும், மற்றதில் மீதி சார்ஜ் சும்மா கிடக்கும்.

விமானத்தில் கருவி கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: தனி பேட்டரியை கைப்பையில்தான் கொண்டுபோக முடியும், 100 வாட் அவரைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160-ஐத் தாண்டினால் பயணியாகக் கொண்டுபோகவே முடியாது. 5 ஏஎச் 90 வாட் அவரில் தப்பிக்கும், 6 ஏஎச் 108-ல் மாட்டும்.

படி 6: மாட்டிப் பார்த்து எடையை உணருங்கள்

பலகை மேல் அடித்தட்டை வைத்து அறுக்கும்போது எடையைப் பலகைதான் தாங்குகிறது, அதனால் டிரில்லில் உறுத்தும் அளவுக்கு ரம்பத்தில் பேட்டரி எடை உறுத்தாது. உறுத்தும் இடங்கள் இரண்டு: வெட்டு முடியும்போது அடித்தட்டின் பெரும்பகுதி பலகையைவிட்டு வெளியே வந்துவிடும் அந்த நொடி, அப்புறம் சுவரோடு நிற்கும் பலகையையோ தலைக்கு மேலே இருக்கும் சட்டத்தையோ வெட்டும்போது. பதினைந்து 21700 செல் வைத்த பேட்டரி ஒரு கிலோவைத் தாண்டிவிடும், அதை ரம்பத்தின் பின்பக்கம் மாட்டினால் மூக்கு தூக்கும். முடிந்தால் வாங்கும் முன் உங்கள் ரம்பத்திலேயே மாட்டி ஒரு கையால் கிடைமட்டமாகப் பிடித்துப் பாருங்கள். நீளமான பேட்டரி, சாய்வு வெட்டில் பலகையிலோ வழிகாட்டிச் சட்டத்திலோ இடிக்கிறதா என்றும் பாருங்கள், பலர் இதை வீட்டுக்குப் போன பிறகுதான் கவனிக்கிறார்கள்.

பலமான பேட்டரி மாட்டினால் பிளேடு மரத்தில் சிக்கும்போது ரம்பம் பின்னால் உதைப்பதும் பலமாகத்தான் இருக்கும். முன்பு சின்ன பேட்டரியில் மூச்சடங்கி நின்ற ரம்பம் இப்போது நிற்காது. இரண்டு கையாலும் பிடிப்பது, பிளேடு போகும் கோட்டுக்கு நேர் பின்னால் நிற்காதது, பலகையின் இரு பக்கமும் முட்டுக் கொடுப்பது, எல்லாம் இன்னும் அவசியமாகிறது.

படி 7: சார்ஜரையும் கணக்கில் சேருங்கள்

ஏஎச்சை சார்ஜரின் ஆம்பியரால் வகுத்தால் மணிக்கணக்கு வரும், கடைசிப் பகுதி மெதுவாக ஏறும் என்பதால் அதற்கு மேல் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். செட்டோடு வரும் 2 ஆம்பியர் சார்ஜரில் 5 ஏஎச் பேட்டரி ஏற இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், 6 ஆம்பியர் சார்ஜரில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். மூன்றாவது பேட்டரி வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் வேகமான சார்ஜர் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பல நேரம் இது மலிவான தீர்வாக இருக்கும். சின்ன ஒரு வரிசை பேட்டரியை மட்டும் தினமும் அதிவேக சார்ஜரில் போட்டு வாட்ட வேண்டாம், அதே ஆம்பியரை அதில் ஐந்து செல்தான் வாங்கிக்கொள்கிறது.

படி 8: டூப்ளிகேட்டும் அடாப்டரும்

விலை பாதிதான், எண் இரட்டிப்பு என்று வரும் பேட்டரிகளை ஒரு வகுத்தல் கணக்கில் பிடித்துவிடலாம். இரண்டு வரிசை 18650 கூடு ஒன்றில் '9 ஏஎச்' என்று போட்டிருக்கிறது என்றால் ஒரு செல் 4.5 ஏஎச் இருக்க வேண்டும். 18650 அளவில் நம்பத்தக்க கம்பெனிகள் செய்யும் அதிகபட்சமே 3.5-ஐ ஒட்டித்தான், அதுவும் ரம்பம் கேட்கும் கரண்ட்டைக் கொடுக்கிற வகை இல்லை. எடை இன்னொரு சோதனை: 6 ஏஎச் என்று சொல்லிக்கொண்டு 400 கிராம் இருந்தால் உள்ளே பாதிதான் இருக்கிறது.

எல்லா மாற்று பேட்டரியும் மோசம் என்று சொல்ல மாட்டேன், டார்ச்சுக்கும் ஃபேனுக்கும் ஓடுகிறவை உண்டு. ஆனால் ரம்பம் என்பது பேட்டரியை அதன் எல்லைவரை கசக்கும் கருவி. செல் தரம், செல்களுக்கு இடையிலான பட்டையின் கனம், சூட்டைப் பார்க்கும் சென்சார், ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தனித்தனியாகக் கவனிக்கும் சர்க்யூட், இவற்றில் எதைக் குறைத்திருந்தாலும் முதலில் ரம்பத்தில்தான் அது வெளிப்படும். மலிவான பேட்டரியை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ரம்பத்துக்கு ஒரிஜினலை ஒதுக்கிவிட்டு அதை மற்ற கருவிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிராண்ட் பேட்டரியை இன்னொரு பிராண்ட் ரம்பத்தில் மாட்டும் அடாப்டரில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. வோல்டேஜ் மிகவும் இறங்கும்போது துண்டிக்கும் வேலையைச் சில கம்பெனிகள் பேட்டரிக்குள் வைக்காமல் கருவிக்குள் வைத்திருக்கின்றன. அடாப்டர் நடுவில் வந்தால் பேட்டரிக்கும் கருவிக்கும் இடையிலான பேச்சு அறுந்துபோகிறது, பேட்டரி தீர்ந்த பிறகும் ரம்பம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் உள்ளே சேதம் ஆரம்பிக்கும், பிறகு அதைச் சார்ஜ் பண்ணுவதே ஆபத்து. சூட்டுத் தகவலும் பல அடாப்டர்களில் கருவிக்குப் போய்ச் சேராது. வேறு வழியே இல்லாமல் பயன்படுத்தினால் பேட்டரியின் விளக்கில் ஒரு கட்டம் மீதி இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

பல கம்பெனிகள் ஒரே பேட்டரியைப் பகிரும் கூட்டணிகள் வேறு கதை. மெட்டாபோ இருக்கும் சிஏஎஸ், பாஷ் நடத்தும் ஆம்ப்ஷேர் போன்றவற்றில் அடாப்டரே தேவையில்லை, அப்படியே மாட்டலாம்.

படி 9: வாங்கின வாரமே சோதித்துவிடுங்கள்

முழுதாகச் சார்ஜ் பண்ணி, கூர்மையான பிளேடு போட்டு, ஒரே பலகையில் ஒரே நீளத்துக்குத் தொடர்ந்து சில வெட்டுகள் போடுங்கள். சத்தத்தைக் கேளுங்கள், வெட்டுக்குள் போனதும் சுருதி கொஞ்சம் இறங்குவது சகஜம், இழுத்துக்கொண்டு அழுதால் பேட்டரியால் முடியவில்லை. பேட்டரி விளக்கை வெட்டி முடித்த உடனே அழுத்திப் பாருங்கள், இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். முதலில் இரண்டு கட்டம் காட்டியது, ஓய்வுக்குப் பிறகு மூன்று காட்டினால் லோடில் வோல்டேஜ் நிறைய விழுகிறது என்று அர்த்தம். கையால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம், பிடிக்க முடியாத சூடாக இருக்கக் கூடாது.

ரம்பம் நடுவில் நின்றால் காரணத்தைப் பிரித்துப் பார்க்கலாம். டிரிகரை விட்டுப் பிடித்த உடனே மறுபடி ஓடினால் அது ஓவர்லோடு, மெதுவாகத் தள்ளுங்கள் அல்லது பிளேடைப் பாருங்கள். பத்து நிமிஷம் ஆறிய பிறகுதான் ஓடுகிறது என்றால் சூட்டால் நின்றிருக்கிறது, அந்த வேலைக்கு உங்களுக்கு இன்னொரு வரிசை செல் வேண்டும். விளக்கில் கட்டம் இருந்தும் கொஞ்சம்கூட லோடு தாங்காமல் அடிக்கடி நின்றால் ஏதோ ஒரு செல் பலவீனமாக இருக்கலாம், உத்தரவாதக் காலத்துக்குள் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 10: வாங்கியதை நீண்ட நாள் வைத்துக்கொள்ள

லித்தியம் பேட்டரியை வெட்டி முடித்த சூட்டோடு சார்ஜரில் போடாதீர்கள். சார்ஜ் ஏற்றுவதற்கு ஏற்ற எல்லை 0 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை. நல்ல சார்ஜர் ஆறும்வரை தானே காத்திருக்கும், மலிவான சார்ஜரில் அந்தக் காவல் இருக்காது. சீக்கிரம் ஆற வேண்டும் என்று ஃப்ரிட்ஜில் வைப்பதும் வேண்டாம், உள்ளே ஈரம் கோர்த்துக்கொள்ளும். ஃபேன் காற்று போதும்.

பேட்டரி முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம், இதற்குத் தேவையில்லை. ரம்பம் மந்தமாகும்போதே கழட்டிவிடுவது செல்லுக்கு நல்லது. பல வாரம் பயன்படுத்தப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில், வெயில் படாத குளிர்ந்த இடத்தில், ரம்பத்திலிருந்து கழட்டி வையுங்கள். முழு சார்ஜோடு சூடான வண்டிக்குள் கிடப்பதுதான் அதற்கு மிகப் பெரிய தண்டனை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 300 முதல் 500 முழு சார்ஜ் வரை பெரும்பாலான கொள்ளளவு நிற்கும்.

டெர்மினலில் ஒட்டும் மரத்தூளையும் பிசினையும் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். தகடு நீலமாகவோ கருப்பாகவோ நிறம் மாறியிருந்தால் அங்கே பிடிமானம் தளர்ந்து சூடாகிறது, அதே தகட்டில் வேறு நல்ல பேட்டரியை மாட்டினால் அதையும் அது கெடுக்கும், ரம்பத்தை சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆணி, திருகு கிடக்கும் பெட்டியில் பேட்டரியை மூடியில்லாமல் போடக் கூடாது, இரண்டு தகடுக்கு நடுவில் ஒரு திருகு விழுந்தால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்க அதுவே போதும்.

கீழே விழுந்து கூடு விரிந்தது, உப்பியது, வாடை வருவது, சார்ஜரில் தொடர்ந்து எரர் காட்டுவது, இதில் எது இருந்தாலும் அந்த பேட்டரியை மறுபடி சார்ஜ் போட முயற்சி செய்ய வேண்டாம். டெர்மினல் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வெளியே வைத்து, பேட்டரி திரும்பப் பெறும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள். வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கி அங்கே பற்றிக்கொள்ளும்.